சாமிக்கு வயரிங் தெரியும் மாப்ளே

வா மாப்ளே, உக்காரு. காரு மூக்குல எலுமிச்சம்பழம் தொங்குது. டயருக்கு ஒண்ணுன்னு நாலு பழம் நசுக்கியாச்சு. பூசாரிகிட்டத் துன்னூறு வாங்கி டேஷ்போர்டு பூராப் பூசிப்போட்டு வந்திருக்கறே. இத்தனைக்கு அப்பறமும் வெடியால மூணு மணிக்கு அலாரம் கத்தி ஊரக் கூட்டுதுன்னா சாமி மேல குத்தம் சொல்லாதே. சாமிக்கு வயரிங் தெரியும். தெரியாதது உனக்குத்தான்.

எவனோ செய்வினை வெச்சுட்டான்னு உங்கம்மா மூக்கச் சிந்தறா. செகண்ட்ஸ்ல வாங்கி, மாட்டுத்தீவனம் ஏத்தி, பின் சீட்டுல கோழி முட்டையிட்ட வண்டி அது. அதுக்குப் போயி ஒருத்தன் காசு செலவு பண்ணிச் செய்வினை வெப்பானா? அத விடு. டவுனுக் கடைக்காரன் என்ன சொன்னான்? "லாக்கு, அலாரம், மொத்த செட்டையும் மாத்திப்போடலாங்ணா." அவன் அப்படித்தாஞ் சொல்லுவான், அவன் விக்கறதே அதத்தானே. நீயும் படிச்ச புள்ள, தலைய நல்லா ஆட்டிப்போட்டு வந்திருப்பே. எது கெட்டுப்போச்சுன்னு ஒருத்தரும் பாக்கல. மாத்தறதுக்கு மட்டும் அத்தன பேரும் தயாரு.

நானு கெணத்து மோட்டாருக்குக் காயில் கட்டியே கெழவனானவன். எனக்குக் காரோட்டத் தெரியாது, அதுக்காக நீ சிரிக்க வேண்டாம். அங்க ஏசி, இங்க டிசி. மத்தபடி கரண்டுக்குப் போறதுக்கு ஒரு வழி, வாறதுக்கு ஒரு வழி. எங்கயோ அறுந்திருக்கும், இல்லாட்டி ஒட்டக்கூடாத எடத்துல ஒட்டியிருக்கும். மூணாவதா ஒரு நோவு கெடையாது.

இந்தச் சின்னக் காருக வந்த காலத்த நெனச்சுப் பாரு. மாருதி 800 வந்தது 1983 டிசம்பர்ல, நிறுத்துனது 2014 ஜனவரில. மொதல்ல வந்த வண்டில ரிமோட்டுமில்ல, அலாரமுமில்ல. கதவு கதவாச் சுத்திவந்து பூட்டோணும். அந்தப் பக்கம் பிரான்சுக்காரன் 1982லயே ரெனோ ஃபுவேகோங்கற காருல தூரத்துல நின்னு கதவு தெறக்கற வித்தையக் கொண்டாந்துட்டான், அதும் கண்ணுக்குத் தெரியாத இன்ஃப்ராரெட் வெளிச்சத்துல. நம்மூருல அந்த ஆசை வந்தப்ப வண்டி வாங்குனவன் ஷோரூம்ல இருந்து நேரா ஆக்சசரீஸ் கடைக்குத்தான் ஓட்டிட்டுப் போனான். சீட் கவரு, டேப் ரிக்கார்டரு, பின் கண்ணாடில ஒரு சாமி ஸ்டிக்கரு, சென்ட்ரல் லாக்கு, அலாரம், எல்லாம் ஒரே மத்தியானத்துல. அங்கிருந்த பையன் டேஷ்போர்டுக்கடில தலைகீழாப் படுத்துக்கிட்டு, நல்லாருந்த வயரப் பிளேடுல உரிச்சு, இவன் வயர அதுமேல முறுக்கி, மேல டேப்பு சுத்திப்போட்டு எந்திரிச்சுட்டான். சோல்டர் வெக்கல. பொழுதெறங்கறதுக்குள்ள இன்னும் நாலு வண்டி பாக்கோணுமே அவனுக்கு.

உன்ர காருல இருக்கறது அந்த முறுக்குத்தான். இருவது வருசச் சித்திரை வெயில்ல டேப்புல இருந்த பசை உருகி வழிஞ்சு, டேப்பு தானா அவுந்து, செம்பு பச்சை பூத்து நிக்கும். கையவிட்டுத் தடவிப் பாரு, விரலெல்லாம் கருப்பாப் பிசுபிசுங்கும். அந்த எடத்தையெல்லாம் பிரிச்சுச் சோல்டர் வெச்சுப்போட்டாலே பாதி வண்டிக வாய மூடிக்கும். இதக் கடைக்காரன் சொல்ல மாட்டான், ஈயத்துல அவனுக்கு என்ன கெடைக்கும்?

சரி, ரிமோட்ட எடு. லாக் பட்டன அமுத்து. அமுத்திப்போட்டு என்னையப் பாக்காதே, காரப் பாரு. இண்டிகேட்டர் மின்னுச்சுன்னா நீ சொன்னது அலாரப் பொட்டிக்குக் கேட்டுருச்சு. கதவு பூட்டலைன்னாலும் ரிமோட்டு மேல பழி போடாதே, அது அதோட சோளிய முடிச்சுருச்சு. இண்டிகேட்டரும் மின்னல, கதவும் அசையலைன்னா ரிமோட்டத் திண்ணைல வெச்சுப்போட்டு, டிரைவர் கதவக் கையால பூட்டு. மத்த மூணும் கூடவே டக்குன்னு எறங்குதா? எறங்குனா சென்ட்ரல் லாக்கு நல்லாருக்குது, கதவு மோட்டாருகளும் நல்லாருக்குது. பாக்க வேண்டியது ரிமோட்டும், அத வாங்கிக் கேக்கற பொட்டியும்தான். டிரைவர் கதவு எறங்கியும் மத்ததுக எதுவும் அசையலியா? அப்ப ரிமோட்டுக்கு வண்டி வண்டியா பேட்டரி மாத்துனாலும் ஒண்ணும் நடக்காது. நீ மூணு தாட்டி மாத்துனதாக் கேள்விப்பட்டேன். பேட்டரிக் கடைக்காரன் உன்னையப் பாத்தாலே எந்திரிச்சு நிக்கறானாமா?

ரிமோட்டுதான் கோளாறுன்னா ரெண்டாவது ரிமோட்டக் கொண்டா. அது வேலை செஞ்சா நாயம் முடிஞ்சுது. ரெண்டும் ஒரே நாள்ல சாகாது, ரெண்டும் செத்த மாதிரி தெரிஞ்சா வண்டிப் பக்கந்தான் கோளாறு. ரெண்டாவது எங்கன்னு கேட்டா முழிக்கறே. பீரோவுல, கல்யாணப் பட்டுக்கடில, பத்திரத்தோட இருக்கும். அதையே ஒருநாளும் வெளிய எடுக்காம வெச்சிருந்தா அதுக்குள்ள இருக்கற பேட்டரியும் தானாச் செத்திருக்கும், அதையும் மனசுல வெச்சுக்க.

ஓரத்துல ஒரு ரூவாக் காசச் சொருகித் திருப்பு, ரெண்டாப் பொளந்துக்கும். தட்டையா வட்டமா இருந்தா அது சிஆர்2032, 3 வோல்ட். கடையில வெச்ச பழைய அலாரத்து ரிமோட்டா இருந்தா உள்ள குட்டி உருளை இருக்கும், 23ஏ இல்லாட்டி 27ஏ. ரெண்டுமே 12 வோல்ட்டுதான், ஆனா தடிமன் வேற, மாத்தி வாங்கிட்டு வந்தா உக்காராது. "லைட்டு எரியுதே மாமா, பேட்டரி நல்லாத்தான் இருக்குது"ன்னு சொல்லுவே. லைட்டு எரியற தெம்பு வேற, சிக்னல் காரு வரைக்கும் போய்ச்சேர்ற தெம்பு வேற. மீட்டர்ல வெச்சுப் பாரு. புது 2032 மூணுக்கு மேல சித்தெ காட்டும், 2.8க்குக் கீழ எறங்குனதத் தூக்கிப் போடு.

பேட்டரி உக்கார்ற தகடப் பாத்தியா, வெள்ளையாப் பூத்திருக்குது. அது பாதி உன்ர வேர்வை, பாதி சட்டைப் பையில மடிச்சு வெக்கற துன்னூறு. பென்சில் அழிக்கற ரப்பர்ல தேச்சுவிடு. அப்பறம் மூடியப் போடாம, உள்ள பலகைல இருக்கற நாலு காலு குட்டி சுவிட்ச ஒரு ஈர்க்குச்சி நுனில நேரா அமுத்து. இப்ப வேலை செய்யுதா? அப்ப சுவிட்சு நல்லாருக்குது, மேல இருக்கற ரப்பர் பட்டன்தான் தேஞ்சுபோச்சு. ஈர்க்குச்சிக்கும் மசியலைன்னா சுவிட்சு செத்துருச்சு. மொபைல் ரிப்பேர் பண்ற பையன்கிட்டக் குடுத்தா டீ குடிக்கற நேரத்துல வேற சுவிட்சு வெச்சுக் குடுப்பான். அதுக்குப் போயி புது ரிமோட்டு வேணும்னு நீ கொரியர்ல சொல்லி வெச்சிருப்பே, உன்னைய எனக்குத் தெரியாதா?

ஆனா ஒண்ணு, கம்பெனில இருந்தே சாவியோட சேந்து ரிமோட்டு வந்த வண்டியா இருந்தா, பழைய கூட்டைத் தூக்கி எறிஞ்சுபோட்டுப் புதுக் கூடு மாத்தறப்ப ஒரு தாட்டி நல்லா ஒதறிப் பாரு. பலதுல ஒரு மூலைல கருப்பா அரிசி கணக்கா ஒரு துண்டு ஒட்டியிருக்கும். எஞ்சின் ஸ்டார்ட் ஆகறதுக்குப் பெர்மிசன் குடுக்கறதே அதுதான். அதுக்குப் பேட்டரி வேண்டியதில்ல, இக்னிசன்கிட்டப் போனாலே உசுரு வந்துக்கும். அதனாலதான் பேட்டரி செத்த சாவிலயும் வண்டி கெளம்புது. பக்கத்தூரு வாத்தியாரு அஞ்சு நிமிசத்துல பளபளன்னு புதுக் கூடு மாத்திக்கிட்டாரு, பழசக் குப்பைல போட்டாரு. வண்டிய ஊட்டுக்குக் கயித்துல கட்டித்தான் இழுத்துட்டு வந்தாங்க.

பேட்டரி புதுசு, சுவிட்சு நல்லாருக்குது, இருந்தும் கார் கேக்க மாட்டேங்குதா? உன்ர மகன் அந்த ரிமோட்ட வெச்சுக்கிட்டுத் திண்ணைல உக்காந்து டக் டக்குன்னு அமுத்திட்டு இருந்தானே, அதக் கேளு. இப்பத்த ரிமோட்டு ஒவ்வொரு அமுத்துக்கும் வேற வேற நம்பர அனுப்பும். திருடன் ஒண்ணப் புடிச்சு வெச்சுக்கிட்டாலும் மறுக்கா செல்லாது. தென்னாப்பிரிக்காவுல பொறந்து, 1995ல மைக்ரோசிப் கம்பெனி வாங்குன கீலாக்குங்கற முறை பல வண்டில இருக்குது. அத ஏலச்சீட்டு நோட்டாட்டம் வெச்சுக்க. நடத்தறவன் நோட்டு ஒண்ணு, அது காரு. கட்டறவன் நோட்டு ஒண்ணு, அது ரிமோட்டு. ரெண்டும் ஒரே வரிசைல ஓடோணும். கட்டறவன் நோட்டு 16 வரி வரைக்கும் முன்னால ஓடியிருந்தாக் காரு பேசாம ஒத்துக்கும். அதுக்கு மேல ஓடிப்போயிருந்தா ஒரு அமுத்துக்கு நம்பாது, அடுத்தடுத்து ரெண்டு தாட்டி அமுத்துனா வரிசை சரியா இருக்குதான்னு பாத்துச் சேத்துக்கும். அந்த ரெண்டாவது எல்லை ஏறக்குறைய 32,000. உன்ர மகன் இன்னும் அத்தன தூரம் போயிருக்க மாட்டான். கிட்டப் போயி ரெண்டு தாட்டி அமுத்து. அதுக்கும் மசியலைன்னா மறுக்கா சொல்லிக்குடுக்கோணும். கடையில வெச்ச செட்டுன்னா டேஷ்போர்டுக்கடில எங்கயோ ஒரு வேலட் சுவிட்ச ஒளிச்சு வெச்சிருப்பாங்க. அத வெச்சுச் சொல்லிக்குடுக்கற முறை செட்டுக்குச் செட்டு வேற. செட்டோட வந்த சின்னப் பொஸ்தகத்துல இருக்கும். நீ அதுல பலகாரம் மடிச்சுக் குடுத்தனுப்புனது எனக்கு ஞாபகம் இருக்குது.

மாரியம்மன் கோயில் பக்கம் நிறுத்துனா மட்டும் வேலை செய்யறதில்லைங்கறே. ஆத்தா கோவமெல்லாம் இல்ல. நம்ம பக்கம் விக்கற பல ரிமோட்டு பேசறது 433.92 மெகாஹெர்ட்ஸ்ல. அதே எடத்துல வேற எதாச்சும் ஓயாமப் பேசிட்டு இருந்தா உன்ர குரல் காதுல உழுவாது. காருகிட்ட நெருங்கி அமுத்து, இல்லாட்டி நாப்பதடி தள்ளி நிறுத்து. தூரம் பத்தலைன்னா ரிமோட்டத் தாடைக்கடில வெச்சு அமுத்து. சிரிக்காதே, நெசமாத்தான். மண்டைல இருக்கற தண்ணி சிக்னலச் சித்தெ எச்சாத் தூக்கிக் குடுக்கும். உன்ர மண்டைக்கு இப்படியாச்சும் ஒரு வேலை கெடைக்குது. பழைய சீமை வண்டில இன்ஃப்ராரெட் ரிமோட்டா இருந்தா மட்டும் செல்போன் கேமரா முன்னால அமுத்திப் பாக்கலாம், வெளிச்சம் தெரியும். உன்ர ரேடியோ ரிமோட்ட அப்படிப் படம் புடிச்சா ஒரு மண்ணும் தெரியாது. யூடியூப்ல எவனோ சொன்னான்னு நீ ராத்திரி பொடக்காளில நின்னு அதத்தான் பண்ணிட்டு இருந்தியாமா? அக்கம்பக்கத்துல என்னென்னமோ பேசிக்கறாங்க.

இப்பக் கதவுக்கு வருவோம். வேலை இங்கதான் இருக்குது, அவசரப்படாதே.

டிரைவர் கதவுக்குள்ள இருக்கறது அஞ்சு வயர் மோட்டாரு, மத்த மூணும் ரெண்டு வயரு. பெரும்பாலான செட்டுல பச்சையும் நீலமும் மோட்டாருக்கு. வெள்ளை, பழுப்பு, கருப்பு மூணும் அதுக்குள்ள இருக்கற சுவிட்சுக்கு. டிரைவர் கதவ நீ பூட்டுனா அந்தச் சுவிட்சுதான் பொட்டிக்குச் சொல்லும். பொட்டி உடனே மத்ததுகளுக்கு அரை செகண்டு, முக்கா செகண்டு கரண்டு குடுத்துப்போட்டு நிறுத்திக்கும். பூட்டறதுக்கு ஒரு வயர்ல பிளஸ், தெறக்கறதுக்கு இன்னொரு வயர்ல பிளஸ். சும்மா இருக்கறப்ப ரெண்டும் பாடில எர்த்து. இவ்வளவுதான் சென்ட்ரல் லாக்கு.

ஒரு கதவு மட்டும் வரலைன்னா பொட்டிய உட்டுரு. நாலும் வரலைன்னா கதவ உட்டுரு, ஸ்டியரிங்குக்கடில போற வயர்ல நடுவாக்குல தொங்கற ஃப்யூஸ் ஹோல்டரத் தேடு. ஃப்யூஸ் கண்ணுக்கு நல்லாருந்தாலும் ஹோல்டர் தளந்து பிளாஸ்டிக் உருகியிருக்கும். சின்ன பல்புல ஒரு டெஸ்ட் லேம்ப் கட்டிக்க, ஒரு முனைய பாடில புடி, இன்னொரு முனைய ஃப்யூஸுக்கு ரெண்டு பக்கமும் தொட்டுப் பாரு. ரெண்டு பக்கமும் எரியோணும். ஃப்யூஸ் அடிக்கடி போச்சுன்னா எங்கயோ வயரு பாடில ஒரசுதுன்னு அருத்தம். அதுக்குப் போயி சிகரெட் பொட்டில இருக்கற ஜிகினாத்தாள மடிச்சு வெக்கற வேலை வேண்டாம். ஃப்யூஸ் போறதுக்குப் பதிலு வண்டியே போயிரும். டெஸ்ட் லேம்ப எடுத்துக்கிட்டுக் கண்ட வயரையும் குத்தாதே. மஞ்ச உறை போட்ட வயரு இருந்தா அது ஏர்பேக்கு, அந்தப் பக்கமே திரும்பாதே.

ஒரு கதவு மட்டும்தான் நோவுன்னா மொதல்ல காது. கதவுல காத வெச்சுக்கிட்டு இன்னொருத்தர பட்டன அமுத்தச் சொல்லு. சத்தமே இல்லைன்னா கரண்டு வரல, இல்லாட்டி மோட்டாரு செத்துருச்சு. விர்ருன்னு சுத்துது, லாக்குக் குமிழு அசையலைன்னா உள்ள நைலான் பல்லு ஒடைஞ்சிருச்சு, இல்லாட்டி கம்பி நழுவியிருச்சு. மோட்டாரு கம்பியும் கதவோட சொந்தக் கம்பியும் ஒண்ணாச் சேர்ற எடத்துல ஒரு சின்னக் கட்டை, அதுல ரெண்டு குட்டி ஸ்க்ரூ. கதவ நீ அடிக்கற அடில அந்த ஸ்க்ரூதான் மொதல்ல கழலும். ஸ்க்ரூவ முறுக்கி உட்டாப் போதும். டவுன்ல இதுக்குப் புது மோட்டாரு மாத்துனதாப் பில்லு போடுவாங்க, நீயும் தேங்ஸ் சொல்லிப்போட்டு வருவே.

டுக்குன்னு ஈனசுரத்துல முக்கிப்போட்டு நின்னுருச்சுன்னா கம்பியக் கழட்டிவிட்டு மோட்டார மட்டும் ஓட்டிப் பாரு. தனியா நல்லா ஓடுனா குத்தம் மோட்டாருல இல்ல, கதவு லாக்குல. தூசியும் பழைய கிரீஸும் சேந்து கெட்டியாக் கெடக்கும். மண்ணெண்ணெய் தொட்டுக் கழுவிப்போட்டு வெள்ளை கிரீஸ் வெய்யி. சும்மா ஸ்ப்ரே அடிச்சுவிட்டா ரெண்டு நாளைக்கு நல்லாருக்கும், அப்பறம் மறுக்கா புடிச்சுக்கும்.

கரண்டே வரலைன்னா நீ எதையும் வாங்கறதுக்கு முன்னால கதவத் தெறந்து, கதவுக்கும் பில்லருக்கும் நடுவுல மடிப்பு மடிப்பா இருக்கற ரப்பர் குழாயப் பின்னால தள்ளு. இத்தன வருசமா அந்தக் கதவத் தெறந்து மூடுன ஒவ்வொரு தாட்டியும் அங்க இருக்கற வயரு மடங்கி நிமுந்துருக்குது. மேல இருக்கற பிளாஸ்டிக்கு அப்படியே இருக்கும், உள்ள செம்பு அறுந்து கெடக்கும். கண்ணுக்கு நல்ல வயரு. ஒவ்வொண்ணா ரெண்டு வெரல்ல புடிச்சு மெல்ல இழுத்துப் பாரு. முழுசா இருக்கற வயரு இழுபடாது. அறுந்தது மட்டும் அந்த எடத்துல மெலிஞ்சு நீண்டு குடுக்கும். கதவு பாதி தெறந்திருக்கறப்ப வேலை செஞ்சு, மூடுனா செய்யலைன்னாலும் கை நேரா இங்கதான் போகோணும். டிரைவர் கதவுதான் எச்சாத் தெறக்கறது, அதனால அதுதான் மொதல்ல அறும். அதுல சுவிட்சு வயரு அறுந்து அறுந்து தொட்டா நாலு கதவும் பூட்டறதும் தெறக்கறதுமா டக்கு டக்குன்னு ஆடும். உங்கம்மா பேயின்னு சொன்னது இதத்தானா? அறுந்த எடத்துல மறுக்கா முறுக்காதே. ஒரு சாண் நீளத்துக்குப் புது வயர எடுத்து, மடங்கற எடத்துக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் சோல்டர் வெச்சு, சுருங்கற ஸ்லீவ் போட்டு மூடு.

கதவு டிரிம்மக் கழட்டறதுக்குக் கண்ணாடி சுத்தற கைப்பிடிய எடுக்கோணும். ஸ்க்ரூட்ரைவர் விட்டு நோண்டி ஒடைச்சுப்போடாதே. பழைய வேட்டில ஒரு பட்டையக் கிழி, கைப்பிடிக்கும் டிரிம்முக்கும் நடுவுல விட்டு இங்கயும் அங்கயும் இழு, உள்ள இருக்கற கிளிப்பு டப்புன்னு தெறிச்சு வெளிய வந்துரும். எங்க உழுவுதுன்னு பாத்துக்க. உள்ள ஒரு பிளாஸ்டிக் தாள் ஒட்டியிருக்கும், இல்லாட்டி ஒரு காலத்துல ஒட்டியிருந்திருக்கும். ஸ்பீக்கர் மாட்டுனவன் அதக் கிழிச்சுப்போட்டுப் போயிருப்பான். அது இல்லைன்னா கண்ணாடி வழியா எறங்கற மழைத்தண்ணி டிரிம் பக்கம் தெறிக்கும். கதவுக்கடில தண்ணி வடியற ஓட்டை மண்ணடைச்சிருந்தா உள்ளயே தேங்கி மோட்டாரு ஊறும். ஒரு குச்சியக் குத்தி அந்த ஓட்டையத் தெறந்து விடு.

இனி கத்தற விசயம். ஊரே என்னையப் புடிச்சுக்கிட்டது அதுக்குத்தான்.

அலாரம் கத்தறது கதவு தெறந்திருக்குதுன்னு அது நெனச்சுக்கறப்ப, பானெட் தெறந்திருக்குதுன்னு நெனச்சுக்கறப்ப, இல்லாட்டி ஆட்டத்த உணர்றப்ப. கதவுக்குச் சாட்சி கூரைல இருக்கற லைட்டு. ஒவ்வொரு கதவாத் தெறந்து மூடு. தெறந்தா எரியோணும், மூடுனா அணையோணும். ஒரு கதவுக்கு மட்டும் மினுக்கு மினுக்குன்னுதுன்னா பில்லர்ல இருக்கற பின் சுவிட்சு துருப்புடிச்சிருக்குது. கழட்டி உப்புத்தாள்ல தேச்சு, ரப்பர் தொப்பி கிழிஞ்சிருந்தா மாத்திப்போடு. லைட்டு சுவிட்ச நிரந்தரமா அணைச்சு வெச்சுக்கிட்டுச் சோதிக்காதே, நீ பண்ணுனாலும் பண்ணுவே.

கதவெல்லாம் சரின்னா முக்காவாசி பானெட் சுவிட்சுதான். எஞ்சின் பக்கத்துல மழையும் சேறும் வாங்கிக்கிட்டு நிக்கறது அது. சர்வீஸ்ல பிரஷர் தண்ணி அடிச்சுக் கழுவுனாங்கன்னா அன்னைக்கு ராத்திரியே பலன் தெரியும். அது ஏன் வெடியால மூணு மணிக்கே கத்துதுன்னு கேட்டியே, அந்நேரந்தான் பனி எறங்கும். துருவும் ஈரமும் சேந்து சுவிட்சுல கரண்டக் கடத்தும், அலாரப் பொட்டிக்கு பானெட் தெறந்த கணக்கு. பொழுது வந்து வெயில் பட்டா காஞ்சுபோயி நல்ல புள்ளையாட்ட நிக்கும். நீ டவுனுக்குக் கொண்டுபோனப்ப ஒண்ணும் பண்ணாம நின்னது இதனாலதான். பானெட்ட ஒருக்கா முட்டி வளைச்சிருந்தியே, அப்பறம் சுவிட்சு முழுசா அமுங்குதான்னும் பாரு.

ஷாக் சென்சரு கடைசில. அதுல ஒரு குட்டி ஸ்க்ரூ இருக்கும், திருப்புனாக் கூச்சம் கூடும், கொறையும். மாட்டுனவன் கைதட்டல் வாங்கறதுக்காக நெம்பக் கூட்டி வெச்சிருப்பான். பஸ்சு போனாக் கத்தும், தீபாவளி வந்தா நிறுத்தவே நிறுத்தாது. கொறைச்சு விடு. அது டேஷ்போர்டுக்கடில டேப்புல தொங்காம பாடில இறுக்கமா உக்காந்திருக்குதான்னும் பாத்துக்க. சில செட்டுல உள்ளாற நடமாட்டத்தப் பாக்கற அல்ட்ராசானிக் கண்ணு இருக்கும். கண்ணாடிய ரெண்டு வெரக்கடை எறக்கி வெச்சுப்போட்டுப் போனா காத்துக்கும் அது கத்தும். இதுகள எல்லாத்தையும் ஒரே ராத்திரில கழட்டிப்போட்டா எது திருடன்னு தெரியாது. இன்னைக்கு பானெட் சுவிட்சு வயர மட்டும் கழட்டி இன்சுலேசன் சுத்தி வெய்யி. கத்தலைன்னா புடிச்சாச்சு. கத்துச்சுன்னா அத மாட்டிப்போட்டு நாளைக்கு ஷாக் சென்சர் பிளக்க உருவு.

உள்ளயே பேட்டரி வெச்ச சைரனும் உண்டு, அது தனிக் குடித்தனம். கார் பேட்டரியக் கழட்டுனாலும் கத்தும், அதுக்குள்ள இருக்கற சின்ன பேட்டரி வயசாகிப் பொங்கி வழிஞ்சாலும் காரணமில்லாமக் கத்தும். அதுக்குன்னு ஒரு குட்டிச் சாவி குடுத்திருப்பாங்க. அதுவும் அந்தப் பட்டுச் சேலைக்கடிலதான் இருக்கோணும்.

கார் பேட்டரியையும் ஒரு பார்வை பாத்துரு. ராத்திரி நிறுத்தி வெச்சு வெடியால அளந்தா 12.6 நல்லது, 12.2ன்னா பாதி. வண்டி ஓடறப்ப 14 வாக்குல வரோணும். நோஞ்சான் பேட்டரில அலாரம் புத்தி தடுமாறும், லாக்கு பாதில நிக்கும். ராவோட ராவா எறங்குதுன்னா மைனஸ் வயரக் கழட்டி நடுவுல மீட்டர 10 ஆம்பியர்ல வெய்யி. அப்படி வெச்சுக்கிட்டு ஸ்டார்ட் மட்டும் பண்ணிப்போடாதே, மீட்டருக்குக் காரியம் பண்ண வேண்டி வரும். எல்லாம் அடங்குன அப்பறம் 50 மில்லி ஆம்பியருக்குள்ள இருக்கோணும். 35 ஆம்பியர் அவர் பேட்டரிக்கு 50 மில்லின்னா ஒரு மாசம் தாங்கும். 500 மில்லி போச்சுன்னா மூணு நாளுகூடத் தாங்காது. ஒவ்வொரு ஃப்யூஸா உருவிப் பாரு, எதுல மீட்டர் எறங்குதோ அதுதான். நான் பந்தயம் கட்டறேன், உன்ர பாட்டுப்பொட்டியா இருக்கும்.

சரி, கடைசியா ஒண்ணு கேக்கறேன், கோவிச்சுக்காதே. அந்த டிரைவர் கதவுல சாவி ஓட்டைன்னு ஒண்ணு இருக்குதே, அதுல சாவியப் போட்டுத் திருப்பி எத்தன வருசமாச்சு? நெனச்சேன். ரிமோட்டு வந்ததுல இருந்து தொடவே இல்ல. உள்ள மண்ணும் துருவும் சேந்து இறுகிக் கெடக்கும், பேட்டரி செத்த அன்னைக்குத்தான் அது உனக்கு ஞாபகம் வரும். கொஞ்சம் கிராஃபைட் பொடி ஊதி, சாவிய விட்டு மெல்ல ஆட்டி ஆட்டித் திருப்பு. பல்லக் கடிச்சுக்கிட்டுத் திருப்பி ஒடைச்சுப்போடாதே.

எந்திரி, அந்தச் சோல்டரிங் அயர்ன் அட்டாலி மேல இருக்குது, எடுத்துட்டு வா. கூலியெல்லாம் வேண்டாம். பின் சீட்டுல இட்ட முட்டை எனக்கு.